சிற்றுந்துக்கு ஏன் இன்னும் படிக்கட்டு?

தாழ்தளப் பேருந்து சென்னைக்கு இப்போது புதுமை இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து டீசல் வண்டிகள் ஓடுகின்றன. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தள வண்டிகள் புறப்பட்டன, அப்புறம் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்தும் வரத் தொடங்கின. உள்தளம் சாலையிலிருந்து 400 மி.மீ. உயரம்தான். நிறுத்தத்தில் நின்றதும் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில் (ஏர் சஸ்பென்ஷன்) காற்றை இறக்கி, கதவுப் பக்கம் இன்னும் 60 மி.மீ. சாய்ந்து கொடுக்கும். வாசலில் படியே கிடையாது. சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகை உண்டு. நல்ல வண்டிகள். ஆனால் இவை 12 மீட்டர் நீளம். அகலமான சாலைகளில் மட்டும்தான் இவற்றுக்கு வேலை.

அந்தச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கதை வேறு. மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கத்து உள்தெருக்களுக்கோ பழைய வண்ணாரப்பேட்டையின் நெரிசலுக்கோ 12 மீட்டர் வண்டி சரிப்படாது. அங்கெல்லாம் சின்ன வண்டிதான் நுழைய முடியும். சின்ன வண்டி என்றால் சென்னையில் படிக்கட்டு வண்டி. மெட்ரோ ரயிலில் நடைமேடையும் ரயில் பெட்டியும் ஒரே மட்டம், மேலே வர லிஃப்ட் இருக்கிறது. இவ்வளவும் தாண்டி வெளியே வந்து வீட்டுக்குப் போக நிற்கிற வண்டியில் மூன்று படி ஏற வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் போய் எல்லாம் அறுந்துவிடுகிறது.

இந்தச் சிற்றுந்துகள் வந்தது 2013 அக்டோபரில். முதல் கட்டமாக 50 வண்டிகள், அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். பெரிய பேருந்து போகாத உள்பகுதிகளையும் பிரதான சாலையையும் இணைப்பதுதான் நோக்கம். அது சரியான நோக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். வண்டியின் பக்கவாட்டில் பச்சை இலைகள் வரைந்திருந்தார்கள். அது அ.தி.மு.க.வின் சின்னத்தைப் போல இருக்கிறதென்று தி.மு.க. தரப்பு நீதிமன்றம் வரை போனது. 2014 தேர்தல் நேரத்தில் இலைகளை மறைக்க வேண்டியும் வந்தது. இலைக்கு நடந்த வாக்குவாதத்தில் பத்தில் ஒரு பங்கு படியின் உயரத்துக்கு நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படியின் உயரம் என்பது என்னவென்று தெரிய, காலை பத்து மணிவாக்கில் ஏதாவது ஒரு சிற்றுந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஏறுகிறார். முதலில் காய்கறிப் பை படியின் மேல் போகிறது. பிறகு இடக்கை கம்பியைப் பிடிக்கிறது. வலக்காலைத் தூக்கி வைத்ததும் ஒரு நொடி நிற்கிறார், முழங்கால் உடம்பைத் தூக்குமா என்று பார்ப்பதற்காக. பின்னால் நிற்பவர் முழங்கைக்குக் கீழ் ஒரு தாங்கு கொடுக்கிறார். கண்டக்டர் "மெதுவா வாம்மா" என்கிறார், ஆனால் விசில் வாயில் இருக்கிறது. பாட்டி இரண்டாவது படிக்கு வருவதற்குள் பின்னால் இரண்டு பைக், ஒரு தண்ணீர் லாரி, ஹாரன். சக்கர நாற்காலிக்காரர் இந்தக் காட்சியில் வருவதே இல்லை. அவர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டார், அல்லது வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பெரிய வண்டியைத் தாழ்த்தியவர்கள் சின்ன வண்டியை ஏன் தாழ்த்தவில்லை? அலட்சியம் ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அது இல்லை. சின்ன வண்டியைத் தாழ்த்துவது உண்மையிலேயே கடினமான வேலை.

நம் ஊரில் சின்னப் பேருந்து என்பது பெரும்பாலும் சின்ன லாரியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் மேல் கட்டிய கூடு. முன்னால் இன்ஜின். அதிலிருந்து பின் சக்கரத்துக்கு நீளமாக ஒரு ஷாஃப்ட், சுழலும் தண்டு. பின்னால் பெரிய உருண்டையாக டிஃப்ரன்ஷியல், அந்தச் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு நீள இரும்புச் சட்டங்கள். பயணிகள் நடக்கும் தரை அந்தச் சட்டங்களுக்கும் மேலேதான் வர முடியும். சரக்கு ஏற்றும் வண்டிக்கு இது அருமையான அமைப்பு. மூட்டையைத் தூக்கிப் போட ஆள் இருக்கிறார், மூட்டைக்கு முழங்கால் வலி கிடையாது. இந்தச் சேசிஸை வைத்துக்கொண்டு தரையை மட்டும் இறக்கு என்றால் நடக்காது. முதலிலிருந்து பேருந்தாகவே வடிவமைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் சக்கரம். 12 மீட்டர் பேருந்தின் டயர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். ஏழு மீட்டர் வண்டிக்கு 16 அங்குல ரிம் டயர் போட்டாலும் முக்கால் மீட்டரை ஒட்டி வந்துவிடும். வண்டியின் நீளம் பாதியை நெருங்கும்போது சக்கரம் கால்வாசிதான் சின்னதாகிறது. தரையை 400 மி.மீ.க்கு இறக்கினால் சக்கரத்தின் மேல்பாதி பயணிகள் இருக்கும் இடத்துக்குள் பெட்டியாக நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிய பேருந்தில் நாலு பெட்டிகளின் மேல் சீட்டுகளைத் திருப்பிப் போட்டுச் சமாளித்துவிடலாம். சின்ன வண்டியில் அதே நாலு பெட்டிகள் உள்ளிடத்தின் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் சின்னத் தாழ்தள வண்டியை வடிவமைப்பவரின் தலைவலி முழுக்க இதுதான்: சக்கரங்களை எங்கே ஒளித்து வைப்பது, கதவை எங்கே திறப்பது.

இதற்கு வெளியூர்களில் மூன்று விதமாக விடை கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, முன்சக்கர இழுவை. ஜப்பானின் ஹினோ நிறுவனம் 2002ல் போஞ்சோ என்ற சின்னப் பேருந்தை இப்படித்தான் கொண்டுவந்தது. பியூஜோ பாக்ஸர் வேனை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதில் இன்ஜினும் இழுவையும் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. பின்னால் ஷாஃப்ட் இல்லை, டிஃப்ரன்ஷியல் இல்லை, தரை தன்னால் இறங்கிவிடுகிறது. துருக்கியின் கர்சன் நிறுவனம் செய்த ஜெஸ்ட்டும் இதே வழியில் வந்ததுதான். நீளம் ஆறு மீட்டருக்கும் குறைவு.

இரண்டாவது, இன்ஜினைத் தூக்கிப் பின்னால் போடுவது. 2006ல் வந்த இரண்டாம் தலைமுறை போஞ்சோ அப்படித்தான். அகலம் 2.08 மீட்டர், நீளம் ஆறே கால் மீட்டரிலும் ஏழு மீட்டரிலும் இரண்டு அளவு. பிரிட்டனில் 1990களின் கடைசியில் ஆப்டேர் நிறுவனம் சோலோ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வழக்கமாகப் பெரிய பேருந்தில் முன்கதவு முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். ஏறியவர் இரண்டு சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே உள்ள குறுகலில் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். சோலோவில் முன்சக்கரங்களை வண்டியின் முன் மூலைகளுக்கே தள்ளிவிட்டு, கதவைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்கள். ஏறியதுமே அகலமான தட்டைத் தரை, குறுகல் இல்லை. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் கதவுக்கு நேரே நின்றுகொள்ளலாம். பின்பாதியில் படி ஏறித்தான் போக வேண்டும், ஏனென்றால் கீழே இன்ஜின். ஆனால் நடக்க முடியாதவர் பின்பாதிக்குப் போக வேண்டிய தேவையே வராது. முழுவதும் தாழ்தளம் என்ற பிடிவாதத்தை விட்டால் விலையும் குறையும் என்பது இந்த வடிவம் சொல்லும் சேதி.

இங்கே ஒரு உள்ளூர்த் தொடர்பு இருக்கிறது. ஆப்டேரில் 2010ல் பங்கு வாங்கி, பிறகு பெரும்பான்மைப் பங்கையும் கைக்கொண்டது நம்ம அசோக் லேலண்டு. எண்ணூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே நிறுவனம். ஆப்டேர்தான் 2020 கடைசியில் ஸ்விட்ச் மொபிலிட்டி என்ற பெயரில் மின்சாரப் பேருந்துக்கு மாறியது. உலகத்தின் பெயர்பெற்ற சின்னத் தாழ்தளப் பேருந்துகளில் ஒன்றை வடிவமைத்தவர்கள் பல வருடங்களாகச் சென்னை நிறுவனத்தின் குடும்பத்தில்தான் இருந்திருக்கிறார்கள். பிரிட்டன், ஜப்பான், இந்தியா மூன்றிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது என்பதால் கதவை இடம் மாற்றும் வேலைகூட இல்லை. தொழில்நுட்பம் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற சாக்கு இந்த ஊருக்குப் பொருந்தாது.

மூன்றாவது வழி மின்சாரம். இன்ஜின், கியர் பெட்டி, சைலன்சர், டீசல் டேங்க் என்று தரைக்குக் கீழே இடம் பிடித்த பலதும் போய்விடுகின்றன. மோட்டார் சின்னது, பேட்டரியைப் பிரித்துப் பிரித்துக் கூரையிலோ பின்சீட்டுக்கு அடியிலோ வைக்கலாம். கர்சனின் மின்சார ஜெஸ்ட்டில் பி.எம்.டபிள்யூ. ஐ3 காரின் பேட்டரியும் மோட்டாரும்தான் இருக்கின்றன. ஒரு காரின் உறுப்புகளே போதும் என்பதைப் பார்க்கும்போது இனி தயாரிப்பாளர்கள் அலுத்துக்கொள்ளக் காரணம் குறைவு. உள்தெருச் சுற்று நாள் முழுக்க ஓடினாலும் தூரம் அதிகம் வராது, வேகமும் குறைவு, நிறுத்தும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். சின்ன பேட்டரிக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது.

வண்டி மட்டும் இருந்தால் போதாது, அதை எதற்கு ஓட்டுகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். டோக்கியோவை ஒட்டிய முசாஷினோ நகரம் 1995 நவம்பரில் மூபஸ் என்ற சின்னப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. பெரிய பேருந்து நுழையாத குடியிருப்புத் தெருக்கள், அங்கே வெளியே வர யோசிக்கும் வயதானவர்கள். இவர்களுக்காகவே வழித்தடம் போட்டார்கள். கட்டணம் 100 யென். நிறுத்தங்கள் ஏறக்குறைய 200 மீட்டருக்கு ஒன்று. நம் ஊர் அதிகாரி யாராவது பார்த்தால் "இவ்வளவு பக்கத்திலயா?" என்பார். வயதானவரின் கால் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினால் 200 மீட்டர்தான் வரும். ஜப்பானில் ஊருக்கு ஊர் இந்த மாதிரிச் சேவைகள் பெருகின, போஞ்சோ மாதிரி வண்டிகளுக்குச் சந்தை உண்டானதும் அதனால்தான். முதலில் தேவையைச் சொன்னார்கள், வண்டி பின்னால் வந்தது.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே எழும் ஆட்சேபங்கள் பழையவை. தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நடத்திய வழக்கில் அரசுத் தரப்பு சொன்னவைதான்: சாலை குறுகல், மழைநீர் தேங்கும். பெரிய வண்டிகள் வந்ததே அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் என்பது என் கருத்து. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. 12 மீட்டர் வண்டிக்கு மட்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

மழைநீர் பற்றிய கவலை பொய்யில்லை. சாய்ந்து நிற்கும் தாழ்தளத்தின் வாசல் 340 மி.மீ. ஓர் அடித் தண்ணீர் என்றாலே 300 மி.மீ. ஆகிவிடுகிறது, எதிரே லாரி வந்து அலை அடித்தால் உள்ளே வரும். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் எந்த வண்டியும் அந்த நாளில் போகக்கூடாது, அது வேறு. ஆனால் உள்தெருவில் ஓர் அடித் தண்ணீர் நிற்கும் நாட்கள் வருடத்தில் சில. அந்தச் சில நாட்களுக்காக மற்ற நாள் எல்லாம் படிக்கட்டு வைப்பது என்ன கணக்கு? அந்த நாட்களில் வண்டியை நிறுத்திவிடலாம். படிக்கட்டு வண்டி ஓடினாலும் பயணி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்துதான் அதில் ஏற வேண்டும், பாட்டி எப்படியும் வரப்போவதில்லை.

வேகத்தடை விஷயத்தில் சின்ன வண்டிக்குத்தான் சாதகம், இது பலருக்கும் தோன்றாது. அடி தட்டுவது தரையின் உயரத்தை மட்டும் பொறுத்ததில்லை. முன் சக்கரத்துக்கு முன்னால் வண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு அச்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பெரிய பேருந்தின் மூக்கு முன் அச்சைத் தாண்டி ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளும், மேட்டில் இறங்கும்போது அதுதான் உரசும். சோலோ மாதிரி சக்கரம் மூலையில் இருந்தால் மூக்கே இல்லை. சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. அப்படி ஒன்றை இந்த ஊர் உள்தெருவில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். தெருக்காரர்கள் சேர்ந்து கான்கிரீட்டில் போட்டுக்கொண்ட திடீர் மேடுகள்தான் எங்கும். அவற்றைச் செதுக்குவது பேருந்துக்கு மட்டுமல்ல, கர்ப்பிணிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நல்லது.

இதையெல்லாம்விட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. கட்டடங்களில் சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு வேண்டும்: 10 செ.மீ. உயரத்துக்கு 120 செ.மீ. நீளம். பேருந்தின் சாய்வுப் பலகை சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தின் மேல் பலகையைப் போட்டால், பிளாட்பாரம் 150 மி.மீ. என்ற கணக்கில் மீதி உயரம் 190 மி.மீ. சரிவு ஒன்றுக்கு ஐந்து, யாராவது பின்னாலிருந்து தள்ளினால் ஏறலாம். வண்டி ஓரம் கட்டாமல் நடுரோட்டில் நின்று, பலகையைத் தார் ரோட்டில் போட்டால் 340 மி.மீ. முழுதும் ஏற வேண்டும். சரிவு ஒன்றுக்கு மூன்று. அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். நிறுத்தத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டியோ காத்திருக்கும் ஷேர் ஆட்டோவோ நின்றால் நடப்பது இதுதான். கோடிக்கணக்கில் செலவழித்துத் தாழ்த்திய தரை, ஓரத்தில் நின்ற ஒரு ஆட்டோவால் வீணாகிறது.

மாறாக நிறுத்தத்தில் மட்டும் பிளாட்பாரத்தை 250 மி.மீ.க்கு உயர்த்தினால் மீதி 90 மி.மீ. ஒரு மீட்டர் பலகையிலேயே சரிவு ஒன்றுக்குப் பதினொன்று. யாரும் தள்ள வேண்டாம். இதற்குத் தேவை பத்தடி நீள மேடை, கொஞ்சம் சிமென்ட், ஒரு சரிவான ஏறுவழி. மேடை சாலைக்குள் சற்று நீண்டு வந்தால் அதன் முன்னால் யாரும் வண்டியை நிறுத்தவும் முடியாது, ஓட்டுநருக்கு வளைத்து ஒடித்து ஓரம் கட்டும் வேலையும் மிச்சம். பேருந்து வாங்குவது மாநகர் போக்குவரத்துக் கழகம், பிளாட்பாரம் மாநகராட்சி. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. அதனால்தான் இது நடப்பதில்லை என்று நினைக்கிறேன், பணத்தால் அல்ல.

பணமும் பேச வேண்டிய விஷயம்தான். பேருந்து சின்னதானாலும் ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். சம்பளம் பாதியாகாது. ஏறுகிற ஆள் எண்ணிக்கை பாதியாகும். அதனால் ஒரு பயணிக்கு ஆகும் செலவு சின்ன வண்டியில் எப்போதும் கூடுதல், தாழ்தளம் என்றால் இன்னும் கூடுதல். இதை வசூலைக் காட்டி நியாயப்படுத்தப் போனால் முதல் வருடமே வழித்தடம் மூடப்படும். காலை எட்டு மணிக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போக ஷேர் ஆட்டோ இருக்கிறது, அதோடு போட்டி போட்டு இந்த வண்டி ஜெயிக்காது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் போகிறவர்தான் இதற்கு ஆள். மின்சாரப் பேருந்துகளில் இப்போது ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்குப் பணம் தருகிறார்கள். வசூல் குறைந்தாலும் வண்டி ஓடும் என்ற அளவில் அந்த முறை இங்கே உதவும். ஆனால் கிலோமீட்டருக்குப் பணம் என்றால் பலகையை விரிக்க இரண்டு நிமிடம் செலவழிக்க ஓட்டுநருக்கு என்ன ஆசை இருக்கும்? ஒப்பந்தத்திலேயே அந்த நேரத்தை எழுத வேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், வட சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரத்து உள்தெருக்கள், வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையம், மருத்துவமனை வாசல். இரண்டு மீட்டரை ஒட்டிய அகலத்தில் ஏழு மீட்டர் மின்சார வண்டிகள் ஐந்தாறு போதும். சென்னைச் சிற்றுந்துக்கு ஒரு வழக்கம் உண்டு: கை காட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். மக்களுக்குப் பிடித்த வழக்கம், அதைக் கெடுக்க எனக்கும் மனமில்லை. தாழ்தளத்துக்கு மேடை வேண்டும் என்பதால் இரண்டும் மோதும். நடக்க முடிந்தவருக்குக் கை காட்டிய இடத்தில் நிற்கட்டும், 340 மி.மீ. என்பது ஒரு படிதான், ஏறிவிடுவார். மேடைகளை மருத்துவமனை, மெட்ரோ, ரேஷன் கடை, முதியோர் அதிகம் உள்ள நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (முன்பு குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புகள் என்று முதலில் பத்து இடத்தில் கட்டலாம். அடுத்த பத்தை எங்கே கட்டுவது என்பதை நடத்துநரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், யார் எந்த வீட்டு வாசலில் காத்திருக்கிறார்கள் என்று ஒரு மாதத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும்.